பெயர் எழுதாத கவர்

அத்தியாயம் 9

"சீட்டு இருக்கா?"

இருபத்திரண்டு வருடமாக அண்ணன் ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது கேட்கிற கேள்வி இது. மருந்துக்கடை மேஜைக்குப் பின்னால் நின்று கேட்கும்போது அவர் குரலில் எப்போதும் ஒரு அதிகாரம் இருக்கும். இன்று காலை அது இல்லை.

"சீட்டெல்லாம் எதுக்குங்க? அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைதான்" என்றார் வந்தவர். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. "போன வருஷம் என் வீட்டுக்காரிக்கு அரிப்பு வந்தப்ப வேற கடைல குடுத்தாங்க. ரெண்டே நாள்ல பறந்து போச்சு. ஒரு பத்து குடுங்க."

"அது ஸ்டீராய்டு. டாக்டர் எழுதாம தர முடியாது."

"உங்க வீட்டு ஆளுக்குன்னா குடுக்க மாட்டீங்களா?"

அவர் சும்மா கேட்டதுதான். கடைக்கு வருகிற பத்தில் நாலு பேர் கேட்பதுதான். அண்ணன் மேஜைமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து டிராயருக்குள் போட்டார். வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

உள்ளே அலமாரி துடைத்துக்கொண்டிருந்த அண்ணி எட்டிப் பார்த்தாள். "அவர் போய் அஞ்சு நிமிஷமாச்சு. இன்னும் என்ன வாசலையே பாத்துக்கிட்டு? கிளம்புங்க. இன்னிக்கு மருந்து ஏத்தறாங்கல்ல? கடையை நான் பாத்துக்கறேன்."

"ம்."

"சூப் வச்சிருக்கேன். ஆறினா குடிக்க மாட்டா. டாக்ஸியிலயே போங்க." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "நான் காலைலயே வேண்டிக்கிட்டேன். நம்ம வாண்டுக்கு ஒண்ணும் ஆகாது."

வாண்டு என்றால் தங்கை. முப்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் நானூறு பிள்ளைகள் நடுங்குகிற கணக்கு டீச்சர். பிறந்த வீட்டுக்கு மட்டும் அவள் இன்னும் வாண்டுதான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மாலை இதே மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவள் சொன்னாள். "அண்ணா, தொடையில கட்டி மாதிரி இருக்கு. தோலுக்கு அடியில. தொட்டா வலிக்குது."

அண்ணன் கேட்டார், யோசித்தார், கொழுப்பில் ஏதோ வீக்கம் என்று முடிவு கட்டினார். அவள் கணவர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். "எனக்குத் தெரியாத மாத்திரையா, மாப்பிள்ளை?" என்று அண்ணன் சிரித்தார். அட்டையிலிருந்து அதே சின்ன வெள்ளை மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்து, பெயர் தெரியாமல் ஒரு காகிதக் கவரில் போட்டு, 'காலை' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். பெயர் தெரிந்தால் அவள் எங்கேயாவது தேடிப் படித்துவிட்டுப் பயப்படுவாள். "சத்து மாத்திரை. வீக்கமும் வத்தும்" என்றார்.

பத்து நாளில் கட்டி கரைந்தது. "உன் கைராசிண்ணா" என்றாள் தங்கை.

மறுபடி வந்தது. அண்ணன் நாளுக்கு ஒன்று என்றிருந்ததை இரண்டாகக் கூட்டினார். மறுபடி கரைந்தது. மூன்றாம் முறை கைகளிலும் முதுகிலும் வந்தபோது ஒரு தோல் டாக்டரிடம் போய்ச் சதையை வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். 'சாதாரண அழற்சி' என்று வந்தது. எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். சதை வெட்டிய அன்று காலையில்கூட அவள் அந்த மாத்திரையைப் போட்டிருந்தாள்.

போன வாரம் பெரிய ஆஸ்பத்திரியின் அறிக்கை வந்தது. தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்புப் படலத்தில் வளரும் நிணநீர்ப் புற்றுநோய். மிக அபூர்வமானது. அதில் மெதுவாக நகர்வது ஒரு வகை, ஓடுவது ஒரு வகை. எந்த வகை என்று இன்று தெரியும்.

அந்த அறிக்கையைப் படித்த அன்றே அண்ணன் கடையிலிருந்த தடித்த புத்தகத்தைப் புரட்டினார். அவர் கொடுத்த மாத்திரை இந்த நோயைக் கொஞ்ச காலம் ஒளித்து வைக்கும் என்று அதில் இருந்தது. சோதனையையும் ஏமாற்றும் என்று அடுத்த வரியில் இருந்தது. புத்தகத்தை மூடி மேல் தட்டில் வைத்தார். ஏழு நாளாக யாரிடமும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

*

ஆஸ்பத்திரியில் நான்காவது மாடி. கட்டிலில் சாய்ந்திருந்த தங்கையின் முகம் வட்டமாக இருந்தது. உதடுகள் வெளுத்திருந்தன.

"வாண்ணா" என்றாள். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இன்னிக்கு நான் பெயிலு. பிரஷர்ல எண்பதுக்கு மேல மார்க் வாங்க முடியல."

"என்னாச்சு?"

"நேத்து ராத்திரியிலேர்ந்து வாந்தி. எந்திரிச்சா கண்ணு இருட்டுது" என்றார் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். ஐந்து நாளாக அதே சட்டை. "இதுல இவங்க லிஃப்ட் வேற காலைல நின்னுபோச்சு. நர்ஸம்மா என்னைத்தான் கூப்பிடறாங்க. நோயாளிக்குத் துணையா வந்தவன்யா நான்னு சொன்னேன். 'அதான் இங்கயே இருக்கீங்களே'ங்கறாங்க."

"சரி பண்ணியாச்சா?"

"பண்ணிட்டேன். என்ன பண்றது, அதுலதானே டாக்டர் ஏறி வரணும்."

டாக்டர் அம்மா வந்தார். ஒல்லியான பெண்மணி, நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். சூடு பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கோப்பைப் புரட்டினார்.

"இன்னிக்கு மருந்து ஏத்தறதா இருந்தோம். ஆனா இந்தத் தளர்ச்சி எனக்குப் பிடிக்கல. இந்த நோயில சில பேருக்கு உடம்பே தன்னோட ரத்த அணுக்களைத் தின்ன ஆரம்பிக்கும். அப்படி இருந்தா காத்திருக்க முடியாது, இன்னும் கடுமையான மருந்தை இன்னிக்கே ஆரம்பிக்கணும்." தங்கையைப் பார்த்துக் கேட்டார்: "வீட்ல ஏதாவது மாத்திரை போட்டுட்டிருந்தீங்களாம்மா?"

"இல்ல டாக்டர். அண்ணன் குடுக்கற சத்து மாத்திரை மட்டும். வீட்டு மாத்திரை எதுவும் வேண்டாம்னு நர்ஸ் சொன்னாங்க, வந்த அன்னிக்கே நிறுத்திட்டேன்."

டாக்டர் தலையசைத்தார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. "ஒரு மணி நேரத்துல ரத்த ரிசல்ட் வந்துடும். பாத்துட்டு ஆரம்பிச்சிடலாம்" என்று போய்விட்டார்.

அண்ணன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எட்டு மாதம் போட்ட மாத்திரை. ஐந்து நாளாக நிறுத்தியிருக்கிறாள். வாந்தி, மயக்கம், பிரஷர் எண்பது. வேறு யாராவது கடைக்கு வந்து இதைச் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். இத்தனை மாதம் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்ததால், உடம்பு தானே சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துவிட்டது. ஒரு ஊசியில் தூக்கி நிறுத்தக்கூடிய தளர்ச்சி இது. இதை நோய் என்று நினைத்துக் கடுமையான மருந்தை ஏற்றினால் இவள் தாங்குவாளா?

சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும்.

"சூப் கொண்டு வந்தியாண்ணா?" என்றாள் தங்கை.

"அண்ணி குடுத்தா."

"உப்பு போட்டிருக்காளா? ரெண்டு நாளா உப்புன்னா நாக்கு அலையுது."

அதுவும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. அண்ணன் சூப்பை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

*

தாழ்வாரத்தில் ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரத்தில் காலை வைக்கப் போனவரைப் பார்த்து நிறுத்தினாள். திட்டவில்லை. ஓரமாகக் கிடந்த ஒரு நாற்காலியைக் காய்ந்த பக்கமாக இழுத்துப் போட்டாள்.

"இங்க உக்காருங்க ஐயா. இது காயறதுக்குக் கொஞ்ச நேரமாகும்."

அண்ணன் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு கும்பிட முயன்றார். தினமும் கடை திறக்கும்போது தவறாமல் கும்பிடுகிறவர்தான். இன்று என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவளைக் காப்பாற்று என்று கேட்டால், அதற்கு வழி உன் வாயில் இருக்கிறதே என்று பதில் வரும். என்னைக் காப்பாற்று என்று கேட்க வெட்கமாக இருந்தது.

"மச்சான்."

மாப்பிள்ளை மூடி போட்ட ஒரே ஒரு டம்ளர் தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மூடியில் பாதியை ஊற்றித் தான் வைத்துக்கொண்டு, டம்ளரை அவரிடம் நீட்டினார்.

"குடிங்க. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க, மூஞ்சியே சொல்லுது."

"உங்களுக்கு?"

"எனக்கு இது போதும்." மூடியில் ஒரு வாய் குடித்தார். "நேத்து அவ ஒண்ணு சொன்னா மச்சான். எல்லாருக்கும் அப்பா இல்லன்னா வருத்தமா இருக்கும், எனக்கு அண்ணன் இருக்கறதால அந்தக் குறையே தெரியலன்னு."

அண்ணன் டம்ளரை உதட்டருகே கொண்டுபோய், குடிக்காமலே இறக்கினார்.

மனிதனை உடைப்பது எப்போதும் கடுஞ்சொல்தான் என்று நினைக்கிறோம். கடுஞ்சொல்லுக்கு எதிர்ச்சொல் உண்டு, காரணம் உண்டு, கோபம் உண்டு. தகுதியில்லாத நேரத்தில் ஒருவர் நீட்டும் பாதி டம்ளர் தேநீருக்கு எதிராக நிற்க யாரிடமும் எதுவும் இல்லை. கடவுள் பெரும்பாலும் அந்த உருவத்தில்தான் வருகிறார் போலிருக்கிறது.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்தார்.

"எங்க மச்சான்?"

"டாக்டரைப் பாக்கணும். நீங்க அவகிட்ட இருங்க."

*

டாக்டர் அம்மா யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் கதவைத் தட்டாமலே உள்ளே வந்ததைப் பார்த்து, "அப்புறம் பேசறேன்" என்று வைத்தார்.

"அது சத்து மாத்திரை இல்ல டாக்டர்."

"எது?"

சொன்னார். பெயரைச் சொன்னார். அளவைச் சொன்னார். முதல் மாதம் எத்தனை, மூன்றாம் மாதம் எத்தனை, சதை வெட்டிய அன்று எத்தனை. கடையில் ஒரு மருந்தின் பெயரைச் சொல்லும்போது தடுமாறாத நாக்கு இரண்டு இடத்தில் தடுமாறியது.

டாக்டர் பாதியிலேயே எழுந்துவிட்டார். வாசலுக்குப் போய் நர்ஸைக் கூப்பிட்டு ஓர் ஊசியின் பெயரைச் சொன்னார். "இப்பவே. சலைனும் வேகமாப் போகட்டும். சர்க்கரை, உப்பு ரெண்டும் உடனே பாருங்க." பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"நீங்க என்ன தொழில்?"

"மருந்துக்கடை."

"ஓஹோ."

அந்த 'ஓஹோ' அண்ணனுக்குக் கன்னத்தில் விட்ட அறையைப் போல விழுந்தது.

"எம்மேல என்ன நடவடிக்கை எடுத்தாலும்..."

"அதை அப்புறம் பேசலாம்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேராச் சொல்றேன். இந்த நோய் வந்ததுக்கு நீங்க காரணம் இல்ல. ஏன் வருதுன்னே யாருக்கும் சரியாத் தெரியாது. ஆனா கண்டுபிடிக்க இத்தனை மாசம் ஆனதுக்கு நீங்களும் ஒரு காரணம். ரெண்டையும் சேர்த்துக் குழப்பிக்காதீங்க. குறைச்சுக்கவும் வேண்டாம், கூட்டிக்கவும் வேண்டாம்."

"எந்த வகைன்னு..."

"வந்திருக்கு. ஓடற வகை."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிரஷர் நிலையா நின்னா நாளைக்கு மருந்து ஏத்தலாம். மூணு வாரத்துக்கு ஒரு தடவை, பல மருந்து சேர்த்து. நீங்க ஒளிச்சுக் குடுத்தீங்களே, அதுவும் அதுல ஒண்ணு. அளவோட, பேரோட, நாங்க பாத்துக் குடுப்போம். நோய் அடங்கினா எலும்பு மஜ்ஜை மாத்தறதைப் பத்தி யோசிக்கணும். கூடப்பிறந்தவங்களோடது பொருந்துமான்னு முதல்ல பாப்போம். அதனால ஓடிப்போயிடாதீங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்றேன்."

*

இரண்டு மணிக்கு பிரஷர் நூற்று நான்கு. தங்கை சூப்பைக் குடித்து முடித்து, பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்து, "அண்ணி கஞ்சத்தனம் பண்ணிட்டா" என்றாள். கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. "என்ன ஊசிண்ணா அது? போட்டதும் யாரோ கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்ட மாதிரி இருக்கு."

அண்ணன் நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டார். மாப்பிள்ளை ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"வாண்டு, நான் ஒண்ணு சொல்லணும். முழுசாக் கேளு."

முழுவதும் சொன்னார். இந்தமுறை தடுமாறவில்லை. தங்கை கணக்கு டீச்சர்; இடையில் ஒரு படியைக்கூடத் தாண்ட விடவில்லை.

"எத்தனை மாசம்?"

"எட்டு."

"ஸ்கின் டாக்டர்கிட்ட போனப்பவும் தெரியுமா?"

"அப்ப தப்புன்னு தெரியல. இந்த ரிப்போர்ட் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது."

"அது வந்து ஒரு வாரமாச்சே."

"ஆமா."

"ஒரு வாரமா எம்பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தே."

தங்கை தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"மூஞ்சி இப்படி உப்புனதும் அதனாலதானா?"

"அதனாலதான்."

"டீச்சர் குண்டாயிட்டாங்கன்னு பசங்க பின்பெஞ்சுல சிரிச்சாங்க. நானும் குண்டாயிட்டோம்னு நெனச்சு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். ரெண்டு மாசம் பட்டினி கிடந்தேன்ணா. உங்கிட்டகூடச் சொன்னேன். நல்லதுதான், உடம்பு இளைக்கும்னே."

"சொன்னேன்."

ஜன்னலோரத்திலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. சத்தமே இல்லாத குரல். "அப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கேட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். மச்சான் என்று சொல்லவில்லை. கதவைத் திறந்துகொண்டு தாழ்வாரத்துக்குப் போய்விட்டார்.

அண்ணன் எழப் போனார்.

"எங்க போறே? உக்காரு" என்றாள் தங்கை. "நான் இன்னும் முடிக்கல. உன்னைத் திட்டணும்னுதான் இருக்கேன். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு யோசிக்கிறேன்."

"திட்டு."

"ஒரு பேர் எழுதினா என்ன கொறைஞ்சு போயிருக்கும்? நான் பயந்துதான் போயிருப்பேன். பயந்தா டாக்டர்கிட்ட ஓடியிருப்பேன்ல? உனக்கு..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நின்றாள்.

அவள் முகம் மாறியது. அண்ணன் பிரஷர்தான் மறுபடி இறங்கிவிட்டதோ என்று பயந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் கையை உதறவில்லை.

"அண்ணா, சர்க்கரை வியாதி இருக்கறவங்க அதைச் சாப்பிட்டா என்ன ஆகும்?"

"ஏன்?"

"சொல்லு."

"சர்க்கரை தாறுமாறா ஏறும். ஏன் வாண்டு?"

"ஸ்கூல்ல டிராயிங் டீச்சர் இருக்காங்க. தனியா இருக்கறவங்க. முட்டி வலியில மாடி ஏற முடியாம அழுவாங்க. எங்கண்ணன் குடுக்கற சத்து மாத்திரை வீக்கத்தைச் சுத்தமா வத்த வச்சிடும்னு..." அவள் கண்கள் நிறைந்தன. "ஒரு கவர் முழுசாக் குடுத்துட்டேன்ணா. அட்மிட் ஆகறதுக்கு முந்தின வாரம். நேத்துகூட ஃபோன் பண்ணி, மந்திரம் போட்ட மாதிரி இருக்கும்மா, இன்னும் கொஞ்சம் வேணும்னாங்க."

திட்டப் போன வாயால் அவள் இப்போது யாரைத் திட்டுவாள்? அன்பாகத்தான் கொடுத்தாள். பெயரைக் கேட்காமல் கொடுத்தாள். அன்பு இருந்தால் போதும், கேள்வி கேட்க வேண்டாம் என்று இந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. ஆனால் எல்லாரும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கை தொலைபேசியை எடுத்து அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை.

"நான் நேராப் போறேன். விலாசம் சொல்லு" என்றார் அண்ணன்.

வெளியே தாழ்வாரத்தில் மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். கதவு திறந்தபடியே இருந்ததால் எல்லாம் கேட்டிருக்கும். அண்ணன் அவரைக் கடந்து போகத் தயங்கினார்.

மாப்பிள்ளை அவர் முகத்தைப் பார்க்காமலே பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "வண்டி பின்பக்கம் நிக்குது. டாக்ஸிக்கு நின்னா நேரமாகும்." பிறகு, கொஞ்ச தூரம் போன முதுகைப் பார்த்து, "பின் பிரேக் சரியாப் பிடிக்காது. முன்னாடி பிடிங்க" என்றார்.

*

டிராயிங் டீச்சரின் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் இல்லை. அண்ணன் இரண்டிரண்டு படியாக ஏறி அழைப்புமணியை அழுத்தினார். பதில் இல்லை. மறுபடி அழுத்தினார். காதைக் கதவோடு வைத்துக் கேட்டார்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "யாருங்க அது, ஒட்டுக் கேக்கறது?"

அறுபதைத் தொட்ட ஓர் அம்மாள், இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு படியேறி வந்துகொண்டிருந்தார். நொண்டவில்லை, மூச்சுக்கூட வாங்கவில்லை. அண்ணன் தான் யார் என்று சொன்னதும் அந்த முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்கதானா அந்த அண்ணன்? கும்பிடணும்ங்க உங்களை. பாத்தீங்கல்ல, மூணு மாடி. ஃபோனைக்கூட வீட்லயே வச்சிட்டுச் சந்தைக்கு நடந்தே போய்ட்டு வரேன். ஒரே தாகம்தான், வெயில் பாருங்க, காலைலேர்ந்து எட்டு தடவை தண்ணி குடிச்சிட்டேன். உள்ள வாங்க, உங்க தங்கச்சிக்கு எப்படி இருக்கு?"

"டீச்சர், மொதல்ல ஒண்ணு கேக்கணும். சர்க்கரை பாக்கற மெஷின் வீட்ல இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"பாத்துடுவோம். பாத்துட்டு உடனே உங்க டாக்டர்கிட்ட போறோம், நானே கூட்டிட்டுப் போறேன். அந்த மாத்திரை நான் குடுத்திருக்கக் கூடாதது. தப்பு என்னோடது, எந்தங்கச்சியோடது இல்ல." ஒரே மூச்சில் சொன்னார். காலையில் மலையாக இருந்தது, மூன்றாம் தடவை சொல்லும்போது வழியாக இருந்தது. "மிச்ச மாத்திரை எங்க இருக்கு? எடுத்துக் குடுங்க."

அந்த அம்மாள் பைகளைக் கீழே வைத்தார். சிரிப்பு மெல்ல மெல்ல அணைந்தது.

"மிச்சம் எதுவும் இல்லீங்களே. எனக்கு இவ்ளோ நல்லாக் கேட்டுச்சா... நான் மட்டும் வச்சுக்கறது பாவம்னு ஸ்டாஃப் ரூம்ல குடுத்தேன்."

"யார் யாருக்கு, டீச்சர்?"

அவர் வலது கையை விரித்து, கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாக மடக்க ஆரம்பித்தார்.